பைபர் படகின் இருக்கையை வீட்டிலேயே செய்யலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பழவேற்காடு ஏரியில் தொழில் செய்யும் எங்களிடம் 18 அடி பைபர் படகு ஒன்று இருக்கிறது. அதன் நடுவில் உள்ள குறுக்கு இருக்கையில் சென்ற ஆண்டு விரிசல் கண்டது. இப்போது ஏறி மிதித்தால் ஓர் அங்குலம் வரை தாழ்கிறது. படகின் பக்கச் சுவரோடு சேரும் இடமும் ஒரு பக்கம் விட்டுப்போயிற்று. பட்டறைக்குக் கொண்டுபோனால் பல நாள் தொழில் கெடும். தேக்குப் பலகை ஒன்றைக் குறுக்கே வைத்து போல்ட் போட்டுவிடச் சொல்கிறார் என் அண்ணன். நானே வீட்டு முற்றத்தில் பைபரிலேயே புதிய இருக்கை செய்துகொள்ள முடியுமா? என்ன பொருள், எவ்வளவு வாங்க வேண்டும்?
– ஒரு வாசகர், பழவேற்காடு

பதில்: செய்ய முடியும். கிரைண்டர் பிடித்துப் பழகிய கை இருந்து, இரண்டு நாள் பொறுமையும் இருந்தால், பட்டறையில் செய்வதற்குக் குறையாத இருக்கையை நீங்களே செய்துவிடலாம். ஆனால் எந்தப் பொருளையும் வாங்குவதற்கு முன்பு, அந்த இருக்கை உங்கள் படகில் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். என்னிடம் வரும் பழுதுகளில் பெரும்பாலானவை, இருக்கையை உட்காரும் பலகையாக மட்டும் நினைத்துச் செய்ததால் வந்தவை.

நடு இருக்கைக்கு மூன்று வேலைகள் உண்டு. ஆளின் பாரத்தைத் தாங்குவது ஒன்று. மேலே திறந்திருக்கும் படகின் இரண்டு பக்கச் சுவர்களும் அலையில் விரியாமலும் ஒடுங்காமலும் பிடித்து நிறுத்துவது இரண்டாவது. மூன்றாவது, பலர் மறந்துவிடுவது, மிதப்பு. கட்டுமரம் எத்தனை அலை ஏறினாலும் மூழ்காது, ஏனென்றால் அந்த மரமே தண்ணீரைவிட எடை குறைந்தது. கண்ணாடி இழையும் அதை இறுக்கிப் பிடிக்கும் ரெசின் என்ற பிசினும் சேர்ந்த பைபரோ தண்ணீரைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு எடை உள்ளது. தண்ணீர் நிறைந்தால், எஞ்சின் எடையையும் சுமந்துகொண்டு, படகு கீழே போய்விடும். அதனால்தான் இருக்கைகளுக்கு அடியில் பெட்டிபோல் மூடி, உள்ளே ஃபோம் அடைக்கிறார்கள். 5 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் கொண்ட ஒரு பெட்டி ஏறத்தாழ 140 லிட்டர் இடத்தை அடைக்கும். ஃபோமின் சொந்த எடையைக் கழித்தாலும் 130 கிலோவுக்கு மேல் தூக்கும் சக்தி அதில் இருக்கிறது. கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு மிதக்கும் மனிதர்களுக்கு அதன் மதிப்பு என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனவே பழைய இருக்கையை வெட்டும்போது அடியில் ஃபோம் இருந்தால், அதைக் கையால் பிழிந்து பாருங்கள். தண்ணீர் சொட்டினால் அந்த ஃபோம் தன் வேலையை இழந்துவிட்டது, புதியது போட வேண்டும்.

உங்கள் அண்ணன் சொல்லும் பலகை, ஏரிக்குள் நான்கு நாள் ஓட்டுவதற்குப் போதுமானது. ஆனால் பக்கச் சுவரைத் துளைத்து போல்ட் போட வேண்டாம். அலை அடிக்கும்போதெல்லாம் முழுப் பாரமும் நான்கு துளைகளின் மேல் விழும். துளையின் ஓரம் நொறுங்கி, அதன் வழியே தண்ணீர் இழைக்குள் இறங்கும். பைபர் இருக்கையில் அதே பாரம் சுவரோடு சேரும் நீளம் முழுவதும் பரவுகிறது.

இனி வேலைக்கு வருவோம். பழைய இருக்கையை வெட்டுவதற்கு முன்பே, படகைச் சமதளத்தில் மணல் மூட்டைகளின்மேல் நிறுத்தி, இரண்டு மேல்விளிம்புகளுக்கும் குறுக்கே ஒரு சட்டத்தை வைத்துக் கட்டுங்கள். உங்கள் படகில் ஒரு பக்க ஒட்டு ஏற்கெனவே விட்டிருப்பதால், சுவர்கள் சற்று விரிந்திருக்க வாய்ப்பு உண்டு. அதே அச்சில் வந்த இன்னொரு படகு கரையில் இருந்தால், அதே இடத்தில் அதன் அகலத்தை அளந்து ஒப்பிட்டுப் பாருங்கள். விரிந்திருந்தால் இரண்டு விளிம்புக்கும் கயிற்றை இரட்டையாகக் கட்டி, நடுவில் ஒரு கம்பைச் செருகி முறுக்குங்கள். கம்பின் ஒவ்வொரு சுற்றுக்கும் சுவர் மெல்ல உள்ளே வருவது கண்ணுக்கே தெரியும். பழைய அளவு வந்ததும் கம்பைக் கட்டிவிட்டு, அந்த நிலையில்தான் புதிய இருக்கைக்கு அளவெடுக்க வேண்டும். விரிந்த படகுக்கு அளவெடுத்து இருக்கை செய்தால், சுவர் விரிந்த அந்த நிலையை நிரந்தரமாக்கிவிடுவீர்கள்.

அச்சுக்கு, பட்டறைக்காரர்கள் முதலில் மாதிரி செய்து, அதிலிருந்து அச்சு எடுத்து, பிறகு பொருளை எடுப்பார்கள். ஒரே ஓர் இருக்கைக்கு அவ்வளவு வேலை தேவையில்லை. மைக்கா ஒட்டிய மூன்று பலகைகளை, வழவழப்பான முகம் உள்பக்கம் இருக்கும்படி, 'ப' வடிவத் தொட்டியாகத் திருகாணி போட்டுச் சேருங்கள். அடிப்பலகை 300 மில்லிமீட்டர் அகலம், பக்கப் பலகைகள் 100 மில்லிமீட்டர் உயரம், நீளம் மட்டும் தேவைக்கு இரண்டு பக்கமும் 2 அங்குலம் கூடுதல். இந்தத் தொட்டிக்குள் பைபர் போட்டு எடுத்துக் கவிழ்த்தால், மேலே பளபளப்பான முகமும் முன்னும் பின்னும் மடிந்த விளிம்புகளும் கொண்ட இருக்கை கிடைக்கும். அந்த மடிப்புகள்தான் அதன் முதுகெலும்பு. இரண்டு விஷயங்களை இங்கே விட்டுவிடாதீர்கள். பக்கப் பலகைகள் செங்குத்தாக நிற்காமல் மேலே போகப்போக 3 அல்லது 4 மில்லிமீட்டர் வெளியே சாய்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பொருள் அச்சை விட்டு வராது. உள்மூலைகளைக் கார் பட்டியால் நிரப்பி, விரல் நுனியால் இழுத்து உருட்டிவிட வேண்டும். கூர்மையான மூலையில் மேட் (கண்ணாடி இழை விரிப்பு) மடியாது, அங்கே காற்று நிற்கும், விரிசலும் அங்கேதான் தொடங்கும்.

பட்டி காய்ந்ததும் உப்புத்தாளால் நயமாகத் தேய்த்து, அச்சு மெழுகை நான்கைந்து முறை தடவித் துடையுங்கள். ஒவ்வொரு முறைக்கும் இடையில் காய நேரம் கொடுங்கள். கடைசியாக, காய்ந்தால் மெல்லிய படலமாகும் பி.வி.ஏ. திரவத்தைப் பஞ்சால் மெல்லியதாகப் பூசிக் காயவிடுங்கள். புதிய அச்சில் பி.வி.ஏ. இல்லாமல் துணிந்தால் அச்சும் பொருளும் ஒன்றாகிவிடும்.

வாங்க வேண்டியவை: ஜெல்கோட் (வெளிமுகத்துக்கான நிறம் சேர்ந்த ரெசின்) அரை கிலோ, பாலியெஸ்டர் ரெசின் 6 கிலோ, 300 கிராம் மேட் (கிராம் என்பது ஒரு சதுர மீட்டரின் எடை) ஒரு சதுர மீட்டர், 450 கிராம் மேட் 4 சதுர மீட்டர், 600 கிராம் ரோவிங் (தடித்த கண்ணாடி இழைக் கற்றைகளை நெய்த விரிப்பு) 2 சதுர மீட்டர், கோபால்ட் (இறுகுவதை வேகப்படுத்தும் திரவம்), கேட்டலிஸ்ட் (ரெசினை இறுக வைக்கும் திரவம்), அசிட்டோன் 2 லிட்டர், இரண்டு பிரஷ், வரி போட்ட சிறிய இரும்பு ரோலர் ஒன்று. இந்தக் கணக்கு எப்படி வந்தது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும், அப்போதுதான் உங்கள் அளவுக்கு மாற்றிக்கொள்ள முடியும். இருக்கையின் மொத்தப் பரப்பு, மடிப்புகளோடு சேர்த்து, முக்கால் சதுர மீட்டர். மேட் தன் எடையைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசினைக் குடிக்கும், ரோவிங் ஏறத்தாழ தன் எடை அளவே குடிக்கும். 450 கிராம் மேட் ஒரு அடுக்கு ஊறிக் காய்ந்தால் சுமார் 1 மில்லிமீட்டர் தடிமன் வரும். நான் சொல்லும் அடுக்கு வரிசை இது: ஜெல்கோட், 300 மேட், 450 மேட், ரோவிங், 450 மேட், ரோவிங், 450 மேட். முடிவில் ஐந்தரை மில்லிமீட்டர் அளவில் நிற்கும். மிச்சம், கீழே சொல்லப்போகும் விலாவுக்கும் ஓரப்பட்டைகளுக்கும் சரியாக இருக்கும்.

ரெசின் கலப்பதில் ஒரே ஒரு விதியை உயிர்போல் பிடித்துக்கொள்ளுங்கள். கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் ஒன்றையொன்று நேராகச் சந்திக்கவே கூடாது, சந்தித்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். முதலில் ரெசினில் கோபால்ட்டை ஊற்றி நன்றாகக் கலக்கி முடித்த பிறகே கேட்டலிஸ்ட் ஊற்ற வேண்டும். இரண்டுக்கும் ஒரே அளவுக் குப்பியைப் பயன்படுத்தக் கூடாது. கடையில் ரெசின் வாங்கும்போதே கோபால்ட் கலந்ததா, கலக்காததா என்று கேட்டு விடுங்கள். கலந்த ரெசின் இளஞ்சிவப்பு அல்லது ஊதா கலந்த நிறத்தில் இருக்கும், அதில் மேலும் கோபால்ட் தேவையில்லை. கேட்டலிஸ்ட் ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 மில்லி வரை. நம் வெயிலுக்கு 10 மில்லியே போதும். அதற்கும் கீழே குறைத்தால் ரெசின் எத்தனை நாள் ஆனாலும் முழுமையாக இறுகாது. வேலை தொடங்கும் முன் 100 கிராம் ரெசினில் 1 மில்லி கலந்து, கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். 20 முதல் 25 நிமிடத்தில் தயிர்போல் உறைய ஆரம்பித்தால் அளவு சரி. ஒரு நேரத்தில் அரை கிலோவுக்கு மேல் கலக்க வேண்டாம்.

விடியற்காலையில், நிழலில் தொடங்குங்கள். ஜெல்கோட்டை ஒரு முறை நெடுக்காகவும், அது சற்று இறுகியதும் இன்னொரு முறை குறுக்காகவும் பூசி, மொத்தம் அரை மில்லிமீட்டர் அளவுக்குக் கொண்டுவாருங்கள். மெல்லியதாகப் போனால், மேலே வரும் ரெசின் அதைத் தாக்கி, முதலைத் தோல்போல் சுருங்க வைத்துவிடும். அடுத்த அடுக்குக்கு நேரம் வந்ததா என்பதை விரல் சொல்லும்: தொட்டால் ஒட்ட வேண்டும், ஆனால் விரலில் நிறம் வரக் கூடாது. அந்த நிலையில் 300 மேட்டைப் போட்டு ரெசினில் ஊற வையுங்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல் பிரஷை இழுக்கக் கூடாது, இழுத்தால் இழைகள் சுருண்டு வந்துவிடும். பிரஷின் நுனியால் குத்திக் குத்தி எடுக்க வேண்டும். வெள்ளையாக இருக்கும் மேட் ரெசின் ஏற ஏற ஈரத் துணிபோல் நிறம் மாறி, அடியில் உள்ள ஜெல்கோட் தெரியும். எங்காவது வெள்ளைப் புள்ளி மிஞ்சினால் அது காற்று. அதை ரோலரால் ஓரத்தை நோக்கித் தள்ளி வெளியேற்றாமல் அடுத்த அடுக்குக்குப் போகாதீர்கள். மூலைகளில் இரண்டு முறை பார்த்துவிடுங்கள்.

முதல் மேட் இறுகிய பிறகு, 450 மேட், ரோவிங், 450 மேட் என்று மூன்றை ஒரே தொடர்ச்சியில் போடலாம். அதோடு நிறுத்தி அது இறுகிச் சூடு அடங்கும்வரை காத்திருங்கள். எல்லா அடுக்கையும் ஒரே மூச்சில் போட்டால் ரெசின் இறுகும்போது வரும் சூடு உள்ளேயே தேங்கி, பொருள் கோணிக்கொள்ளும். பிறகு மீதி இரண்டு அடுக்கையும் போட்டு முடியுங்கள். அவை இறுகியதும், உள்பக்கத்தின் நடுவில் நெடுக்காக 50 மில்லிமீட்டர் அகலமும் 40 மில்லிமீட்டர் உயரமும் உள்ள பி.யூ. (பாலியூரித்தேன்) ஃபோம் துண்டை வைத்து, அதன்மேல் இரண்டு அடுக்கு 450 மேட்டை இரண்டு பக்கமும் 2 அங்குலம் படியும்படி போர்த்திவிடுங்கள். இந்த விலா இருந்தால் இரண்டு பேர் ஒரே இடத்தில் அமர்ந்தாலும் இருக்கை வளையாது. ஓரங்களில் நீட்டிக்கொண்டிருக்கும் மேட்டை, முழுதும் இறுகும் முன், தோல்போல் இருக்கும் பதத்திலேயே கத்தியால் சீவிவிட்டால், மறுநாள் கிரைண்டரோடு போராட வேண்டியதில்லை.

மறுநாள் மர ஆப்பைக் கொண்டு ஓரத்தை மெல்லத் தூக்கி, இடுக்கில் தண்ணீர் ஊற்றுங்கள். பி.வி.ஏ. தண்ணீரில் கரையும், இருக்கை தானாகக் கழன்று வரும். ஸ்குரு டிரைவரால் நெம்பினால் ஜெல்கோட் சில்லுபோகும்.

இப்போது முழு வேலையிலும் முக்கியமான கட்டத்துக்கு வந்திருக்கிறீர்கள். இருக்கை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், அது படகோடு சேரும் ஒட்டில்தான் அதன் பலம் இருக்கிறது. நான் தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு படகின் பெயின்டை மட்டும் சுரண்டிவிட்டு, பழைய பைபரைத் தேய்க்காமல் அதன்மேல் மேட் போட்டு ஒட்டினேன். பார்வைக்கு அழகாக இருந்தது. மூன்றாம் மாதம் படகுக்காரர் வந்து அழைத்துப்போய்க் காட்டினார். பட்டையின் ஒரு நுனியை அவர் பிடித்து இழுக்க, வாழைத்தண்டில் மட்டை உரிவதுபோல் முழுதும் உரிந்து வந்தது. அடியில் பழைய பைபர் கண்ணாடிபோல் மின்னிக்கொண்டிருந்தது. இறுகிய பழைய பைபரோடு புதிய ரெசின் இரசாயன முறையில் கலப்பதில்லை. சொரசொரப்பில் பற்றிக்கொண்டு நிற்பது மட்டுமே அதன் பிடிப்பு. எனவே பக்கச் சுவரிலும் இருக்கையின் முனைகளிலும் 6 அங்குல அகலத்துக்கு 40 நம்பர் உப்புத்தாளால், மினுமினுப்பு ஓர் இடத்திலும் மிஞ்சாமல், இழை வெண்மையாகத் தெரியும்வரை தேயுங்கள். தூசியைத் துடைத்து, சுத்தமான துணியால் அசிட்டோன் பூசி, உலர்ந்த பிறகு கையால் தொடாதீர்கள்.

இருக்கையின் முனை பக்கச் சுவரை இடிக்கக் கூடாது. 5 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு வெட்டி, அந்த இடைவெளியை ரெசினும் டால்க் பவுடரும் வெட்டிய இழையும் குழைத்த பட்டியால் நிரப்பி, மூலையைப் பெருவிரல் அகலத்துக்கு உருட்டிவிடுங்கள். இறுகிய முனை சுவரை நேராக முட்டினால், அலை அடிக்கும் ஒவ்வொரு முறையும் அதே கோட்டில் சுவர் மடிந்து, வெளிப்பக்கம் விரிசல் விடும். பட்டியின்மேல் 450 மேட்டை 4 அங்குலம், 6 அங்குலம், 8 அங்குலம் என்று ஒன்றைவிட ஒன்று அகலமாக மூன்று பட்டைகள் போடுங்கள். மேல்பக்கம் மட்டும் போட்டால் பாதி வேலைதான். கை நுழையும் இடமெல்லாம் அடிப்பக்கத்திலும் போட வேண்டும். மிதப்புக்கான ஃபோமை அடியில் அடைக்கும்போது, படகின் அடித்தளத்தில் தண்ணீர் முன்னும் பின்னும் ஓட ஒரு வழி விட்டுவிடுங்கள். தேங்கிய தண்ணீர்தான் பழைய ஃபோமைக் கெடுத்திருக்கும்.

முறுக்கிய கயிற்றை ஒரு நாள் முழுவதும் அவிழ்க்க வேண்டாம். ஒரு வாரம் கழித்துப் படகை இறக்கினால் நல்லது. அந்த ஒரு வாரத்தில் ரெசின் பெறும் உறுதி வேறு எதனாலும் வராது.

கேள்வி: என் வள்ளத்துக்குப் புதிதாகச் செய்த இருக்கையின் அடிப்பக்கம் பத்து நாளாகியும் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. ரெசின் கெட்டுப்போனதா?
– ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: இரண்டு காரணங்கள் இருக்கலாம், இரண்டும் ஒன்றல்ல. பாலியெஸ்டர் ரெசின் காற்றுப் படும் முகத்தில் முழுதாக இறுகாது. உள்ளே கல்லாகியிருந்தாலும் மேல்தோல் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்த அடுக்கு பற்றிக்கொள்ள அது உதவுவதால் அந்த இயல்பு ஒரு வகையில் நமக்கு நன்மையே. மற்றொன்று, கேட்டலிஸ்ட் குறைந்தோ சரியாகக் கலக்காமலோ உள்வரை இறுகாமல் போவது. எது என்று கண்டுபிடிக்க, அசிட்டோன் நனைத்த துணியால் ஓரிடத்தை அழுத்தித் துடைத்து, காய்ந்ததும் நாணயத்தின் ஓரத்தால் கீறிப் பாருங்கள். பிசுபிசுப்பு போய், வெண்கோடு மட்டும் விழுந்தால் கவலை இல்லை. மெழுகுக் கரைசல் சேர்த்த ரெசினை மேலே ஒரு கை பூசினால், மெழுகு மேலே மிதந்து காற்றைத் தடுக்க, தோலும் இறுகிவிடும். ஆனால் அந்த மெழுகு பூச்சின்மேல் பின்னால் எதையாவது ஒட்ட நினைத்தால், முதலில் தேய்த்து எடுத்தாக வேண்டும். நாணயம் உள்ளே இறங்கிப் பள்ளம் விட்டால், அல்லது தட்டும்போது மரக்கட்டைபோல் மந்தமாக ஒலித்தால், அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு மீண்டும் செய்யுங்கள். அதன்மேல் நல்ல ரெசினைப் பூசி மூடுவது, கடலில் உங்களை நம்பி உட்காருபவருக்குச் செய்யும் தீங்கு.

மழைக்காலத்தில் செய்திருந்தீர்களா என்பதை உங்கள் கடிதத்தில் குறிப்பிடவில்லை. ஈரக் காற்றில், குறிப்பாக மேட்டே ஈரம் உறிஞ்சியிருந்தால், இந்தக் குறை அதிகம் வரும். மேட்டை எப்போதும் பாலிதீன் உறையில் கட்டி, தரையில் படாமல் வையுங்கள்.

கேள்வி: எங்கள் பழைய இருக்கையை வெட்டிப் பார்த்தபோது உள்ளே பலகை இருந்து, கறுத்து, கையால் பிய்க்கும்படி உளுத்திருந்தது. பலகைக்குப் பதில் தெர்மாக்கோல் வைத்து மேலே பைபர் போட்டால் எடை குறையுமே?
– ஒரு வாசகர், பாம்பன்

பதில்: தெர்மாக்கோல் வேண்டாம். ஒரு துண்டை எடுத்து அதன்மேல் பாலியெஸ்டர் ரெசின் நான்கு சொட்டு விட்டுப் பாருங்கள், வெந்நீர் பட்ட சர்க்கரைக் கட்டிபோல் கண்முன்னே குழிந்து மறைந்துவிடும். ரெசினில் உள்ள ஸ்டைரீன் அதைக் கரைத்துவிடுகிறது. மேலே பார்க்க முழுதாகவும் உள்ளே வெற்றிடமாகவும் இருக்கும் இருக்கையே உங்களுக்கு மிஞ்சும். பி.யூ. ஃபோமை ஸ்டைரீன் கரைக்காது, அதையே பயன்படுத்துங்கள்.

எஞ்சின் பெட்டியோ துடுப்புக் கொண்டியோ திருகும் இடத்தில் மட்டும் பலகை தேவைப்படும். அங்கே ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் வாங்குங்கள். ஐ.எஸ். 303 என்பது வீட்டு வேலைக்கான பலகை. ஆனால் எந்தப் பலகையும் தானாக உளுப்பதில்லை, திருகாணித் துளை வழியே இறங்கும் தண்ணீர்தான் அதை உளுக்க வைக்கிறது. துளையைத் தேவைக்குப் பெரிதாகப் போட்டு, உள்ளே ரெசின் பட்டியால் அடைத்து, அது இறுகியதும் அதன் நடுவில் சரியான அளவுத் துளை போடுங்கள். அப்போது திருகாணியைச் சுற்றி ரெசின் வளையம் நிற்கும், தண்ணீர் மரத்தைத் தொடாது. துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி வாங்கும்போது 304 ரகத்தைவிட 316 ரகம் உப்புத் தண்ணீரை நன்றாகத் தாங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: வேறொரு வேலைக்கு வாங்கிய எப்பாக்சி ரெசின் 4 கிலோ மீதமிருக்கிறது. அதைக்கொண்டே மேட் போட்டு இருக்கை செய்யலாமா?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: பழைய பைபரில் ஒட்டுவதற்கு எப்பாக்சி பாலியெஸ்டரைவிடச் சிறந்தது, அதில் சந்தேகமில்லை. இடர்ப்பாடு மேட்டில் இருக்கிறது. நம் கடைகளில் கிடைக்கும் மேட்டின் இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை, ஸ்டைரீனில் கரைவதற்காகவே அமைக்கப்பட்டது. எப்பாக்சியில் ஸ்டைரீன் இல்லாததால் அந்தப் பசை இளகாது, மேட் விறைத்துக்கொண்டு மூலைகளில் படியாது. எப்பாக்சியோடு ரோவிங்கோ நெய்த கண்ணாடித் துணியோ பயன்படுத்துங்கள். எப்பாக்சிமேல் பாலியெஸ்டர் ஜெல்கோட் சரியாக இறுகிப் பிடிக்காது என்பதால், நிறத்துக்கு பெயின்ட்தான் அடிக்க வேண்டியிருக்கும். என் யோசனை, இருக்கையைப் பாலியெஸ்டரில் செய்துவிட்டு, மீதமுள்ள எப்பாக்சியைக் கண்ணாடித் துணியோடு ஓரப்பட்டைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பதே. எப்பாக்சியின் இரண்டு பாகங்களையும் டப்பாவில் அச்சிட்ட விகிதத்தில் கிராம் தராசில் நிறுத்துக் கலக்க வேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டி ஊற்றினால் அது இறுகாமலே நின்றுவிடும்.

கேள்வி: என் கணவர் படகின் இருக்கையை வீட்டுக்குள் கூடத்தில் வைத்தே செய்யப் போவதாகச் சொல்கிறார். எட்டு மாதக் கைக்குழந்தை இருக்கிறது. வாடை பிள்ளைக்கு ஆகுமா? அவரிடம் என்ன சொல்வது?
– ஒரு வாசகி, கடலூர்

பதில்: உங்கள் அச்சம் சரியானது, அம்மா. வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். அந்த வாடை ஸ்டைரீன் ஆவி. அது கண்ணையும் தொண்டையையும் எரிக்கும், தலைச்சுற்றலைத் தரும், பொருள் இறுகிய பிறகும் சில நாள் வந்துகொண்டிருக்கும். அந்த ஆவி எளிதில் தீப்பற்றக் கூடியது என்பதால், அடுப்போ பூஜை விளக்கோ எரியும் வீட்டில் அது இருக்கவே கூடாது. நான்கு பக்கமும் திறந்த கீற்றுக் கொட்டகை போதும், காற்று வீட்டுப் பக்கம் அடிக்காத நாளாகப் பாருங்கள். சாதாரணத் துணி முகக்கவசம் ஆவியைத் தடுக்காது. கரிக் குப்பி பொருத்திய கவசம்தான் தேவை.

கேட்டலிஸ்ட் புட்டியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் வீட்டில் நான் அதிகம் அஞ்சுவது அதற்குத்தான். தண்ணீர்போல் நிறமற்று இருக்கும் அது ஒரு சொட்டு கண்ணில் பட்டாலும் பார்வை நிரந்தரமாகப் போகலாம். ஊற்றும்போது கண்ணாடி அணிந்தே ஆக வேண்டும். பட்டுவிட்டால் உடனே, ஒரு நொடியும் தாமதிக்காமல், சுத்தமான தண்ணீரால் 15 நிமிடத்துக்குக் குறையாமல் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு மருத்துவமனைக்குப் போக வேண்டும். வேலை நடக்கும் இடத்தில் ஒரு குடம் தண்ணீரும் சொம்பும் வைத்துவிடுங்கள். குடிநீர் பாட்டிலிலோ இரும்பு டப்பாவிலோ அதை மாற்றி ஊற்ற விடாதீர்கள். வாங்கிய புட்டியிலேயே, பிள்ளையின் கைக்கு எட்டாத, வெயில் படாத இடத்தில், கோபால்ட்டிலிருந்து தள்ளி இருக்கட்டும். தேய்க்கும் நாளில் உடுத்திய துணியைக் குழந்தையின் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். கண்ணாடித் தூள் ஒட்டிக்கொண்டு பிள்ளையின் தோலை அரிக்கும்.

மீந்த ரெசின் கிண்ணத்தைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு அவர் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிண்ணத்தில் கெட்டியாக நிற்கும் ரெசின் இறுகும்போது புகை வரும் அளவுக்குச் சூடேறும். கேட்டலிஸ்ட் துடைத்த துணியும் சுருட்டிப் போட்டால் தானே தீப்பற்றக் கூடும். துணியைத் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டு, கிண்ணத்தை வெளியே வெறும் மணலில் வைத்து, கையால் தொட்டால் குளிர்ந்திருக்கும்வரை அங்கேயே விட்டுவிடச் சொல்லுங்கள்.